தெற்கிலிருந்து வந்தால் தூசி, வடக்கிலிருந்து வந்தால் ஓசோன்: இயராபெத்ராவின் காற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீட் தீவின் தென்கரையில் இருக்கும் இயராபெத்ராவுக்கு நாங்கள் குடிவந்து ஏழு வருடம் ஆகிறது. மகளுக்கு வீசிங் உண்டு. அதனால் வந்த நாளிலிருந்தே காற்றை முகர்ந்து பார்ப்பது என் வேலையாகிவிட்டது. இங்கே வேலைக்கு வர நினைப்பவர்கள், விடுமுறைக்கு வர நினைப்பவர்கள், ஊரிலிருந்து கவலைப்படும் உறவினர்கள் என்று எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், இயராபெத்ரா எங்கே இருக்கிறது? அப்படி என்ன ஊர் அது?

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், கிழக்கு ஓரத்தில் லஸீத்தி மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்கு முன்னால் லிபியக் கடல். அதைத் தாண்டி சுமார் 350 கிலோமீட்டர் போனால் ஆப்பிரிக்கக் கரை, அதற்கப்புறம் சகாராதான். பின்னால் கிழக்கே த்ரிப்தி மலை, மேற்கே திக்தி மலை. இரண்டுக்கும் நடுவில் தீவே இடுப்பு ஒடுங்கினாற்போல் ஆகிவிடும், வடகரைக்கும் தென்கரைக்கும் இடையே 12 கிலோமீட்டர்தான் இருக்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எதிரே பாலைவனம், பின்னால் மலை, நடுவில் ஒரு இடுக்கு. மீதிக் கதை எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

தொழில் விவசாயம்தான். சுற்றுலாவும் உண்டு, ஆனால் ஊரை நடத்துவது தக்காளி, வெள்ளரி, குடமிளகாய், கத்தரிக்காய். 1960-களில் பால் கைப்பர்ஸ் என்ற டச்சு வேளாண் நிபுணர் இங்கே வந்து பசுமைக்குடில் சாகுபடியைச் சொல்லிக்கொடுத்தார். சின்ன வயதிலேயே 1971-ல் விபத்தில் இறந்துபோனார். ஊர்க்காரர்கள் இன்னமும் அவரைப் பற்றி மரியாதையோடுதான் பேசுவார்கள். இன்று மேற்கே க்ரா லிஜியா பக்கம் மலைமேல் ஏறி நின்று பார்த்தால் நிலமே தெரியாது, வெள்ளை பிளாஸ்டிக் கூரைதான் கடல்வரைக்கும். மலைச்சரிவு முழுக்க ஆலிவ்.

கடலோரம், தொழிற்சாலை இல்லை, வண்டி நெரிசல் இல்லை. காற்று சுத்தமாகத்தானே இருக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வருடத்தில் பாதிக்கு மேல் உண்மையிலேயே நன்றாக இருக்கும், பொய் சொல்லவில்லை. மீதி நாட்களில் இருக்கும் பிரச்சினை நகரத்துப் பிரச்சினை மாதிரி இல்லை. இங்கே அழுக்கு பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறது, இல்லையென்றால் வயலிலிருந்தும் அடுப்பிலிருந்தும் வருகிறது. அதனால் "எந்த மாதம்" என்று கேட்பதைவிட "காற்று எந்தப் பக்கம்" என்று கேட்பதுதான் சரி.

நமக்குத் தென்றல் என்றால் சுகம், வாடை என்றால் நடுக்கம். இங்கே வந்ததும் அதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே தெற்குக் காற்றின் பெயர் நொத்தியாஸ். அந்தப் பெயரைச் சொன்னாலே கிழவிகள் தலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆப்பிரிக்கத் தூசி எப்போது வரும்? எப்படித் தெரிந்துகொள்வது?

மத்தியதரைக்கடலின் கிழக்குப் பகுதிக்குத் தூசி அதிகம் வருவது வசந்தத்தில்தான், மார்ச்சிலிருந்து மே வரை. ஸ்பெயின் பக்கம் கோடையில்தான் அதிகம் என்பார்கள், இங்கே அப்படி இல்லை. காரணம், வசந்த காலத்தில் வட ஆப்பிரிக்கக் கரையோரமாக மேற்கிலிருந்து கிழக்கே காற்றழுத்தத் தாழ்வுகள் நகர்ந்துபோகும். ஒவ்வொன்றும் தன் முன்பக்கத்தில் பாலைவனத்துச் சூடான காற்றை வடக்கே இழுத்துக்கொண்டு வரும். எகிப்தில் இதைக் கம்சீன் என்கிறார்கள். லிபியாவிலும் எகிப்தின் மேற்கிலும் கிளம்பும் புழுதி ஒரே நாளுக்குள் எங்கள் மொட்டைமாடிக்கு வந்துவிடும். இலையுதிர் காலத்திலும் ஓரிரண்டு வரும், ஆனால் வசந்தம் அளவுக்கு இல்லை.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் உண்டு. முதல் நாளே காற்று திசை மாறும், மார்ச் மாதத்தில் திடீரென்று வியர்க்கும். வானம் நீலத்திலிருந்து பால்வெள்ளைக்குப் போகும், பிறகு மஞ்சளடிக்கும், மோசமான நாளில் ஆரஞ்சுக்கும் போய்விடும். சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாம் போல ஒரு வெள்ளித் தட்டாகத் தெரியும் (பார்க்காதீர்கள்). எனக்கு இதைவிட நம்பகமான ஒரு அளவுகோல் இருக்கிறது. ஊருக்கு எதிரே கடலில் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி ஹ்ரிஸி என்று ஒரு ஆளில்லாத் தட்டைத் தீவு. அது தெளிவாகத் தெரிந்தால் சரி. கோடு மாதிரி மங்கினால் யோசிக்க வேண்டும். காணாமலே போய்விட்டால் சன்னலைச் சாத்த வேண்டியதுதான்.

முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் உலக வானிலை அமைப்புக்காகப் பார்சலோனாவிலிருந்து இயங்கும் தூசி முன்னறிவிப்பு மையத்தின் வரைபடங்கள் மூன்று நாளுக்கு முன்பே காட்டிவிடும். ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் சேவையிலும் பார்க்கலாம். எந்த நாளில் வரும் என்பதைச் சரியாகவே சொல்கிறார்கள். எவ்வளவு வரும் என்பதில்தான் அவ்வப்போது ஏமாற்றம்.

மோசம் என்றால் எவ்வளவு மோசம்?

அளவு புரிய ஒரு கணக்கு. பிஎம் 10 என்பது 10 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இப்போதைய விதிப்படி ஒரு நாள் சராசரி, கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினாலும் வருடத்தில் 35 நாளுக்கு மேல் தாண்டக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்னது 45. சாதாரணத் தூசி நாளில் இங்கே அது 100, 150 என்று போகும்.

2018 மார்ச் 22-ம் தேதி கிரீட்டில் நடந்தது வேறு ரகம். வடகரையில் இராக்லியோவில் பிஎம் 10 ஆயிரக்கணக்கில் ஏறியது. தீவே செவ்வாய்க் கிரகம் மாதிரி இருந்ததாக அன்று இங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள். அதில் ஒரு விசித்திரமும் உண்டு. தெற்குக் காற்று மலையேறி மறுபக்கம் சரியும்போது காய்ந்து, சூடேறி, வேகமெடுக்கும். அதனால் தூசி நாளில் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களைவிட மலைக்கு அந்தப்புறம் இருக்கும் வடகரைதான் அதிகமாகக் கொதிக்கும். எங்களுக்குக் கடல் ஈரத்தோடு சேர்ந்து வரும், பிசுபிசுவென்று.

2024 ஏப்ரல் 23-ல் ஏதென்ஸ் ஆரஞ்சு நிறமாக மாறிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றினவே, அதுவும் இதே சகாராத் தூசிதான்.

மழை பெய்தால் சரியாகிவிடுமா?

காற்று கழுவப்படும், ஊர் அழுக்காகும். தூசியோடு வரும் மழையை இங்கே சேற்றுமழை என்றுதான் சொல்கிறார்கள். கார், சூரிய வெந்நீர்த் தொட்டி, சன்னல் கண்ணாடி எல்லாம் செம்மண் பூசினாற்போல் ஆகிவிடும். விவசாயிகளுக்கு இது பணப் பிரச்சினை. பசுமைக்குடில் கூரையில் சேறு காய்ந்து ஒட்டினால் செடிக்கு வெளிச்சம் குறையும், மறுநாள் குழாயைப் பிடித்துக்கொண்டு கூரை கழுவ வேண்டும், தண்ணீரும் இங்கே சும்மா கிடைப்பதில்லை.

ஒரு சின்னக் குறிப்பு, இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது: கிரீட்டின் சிவப்பு மண்ணில் ஒரு பங்கு ஆயிரமாயிரம் வருடமாக இப்படிச் சகாராவிலிருந்து வந்து படிந்ததுதான். ஆக நாங்கள் திட்டும் தூசியில்தான் எங்கள் ஆலிவும் வேர்விட்டிருக்கிறது.

தூசி நாளில் என்ன செய்கிறீர்கள்?

காலையிலேயே சன்னலைச் சாத்திவிடுவோம். வெளியே ஓட்டம், சைக்கிள், கடற்கரை எல்லாம் ரத்து. காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று மகள் அறையில் ஓடும். சைப்ரஸ், கிரீட், இஸ்ரேல் மூன்று இடத்திலும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளையும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ள பெரியவர்களையும் வைத்து மெடியா என்றொரு ஆய்வுத் திட்டம் நடந்தது. அதில் சோதித்துப் பார்த்ததும் கிட்டத்தட்ட இதேதான்: வெளியே போவதைக் குறை, வீட்டைச் சாத்து, உள்ளே காற்றை வடிகட்டு. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம் போடுங்கள். துணி மாஸ்க் புழுதியைப் பாதியாவது தடுக்கும் என்று நினைப்பது மனத்திருப்திக்குத்தான். சகாராத் தூசி பெரும்பாலும் பருத்த துகள், மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அதிலேயே நுண்துகளும் கணிசமாகக் கலந்திருக்கும், அது நுரையீரலுக்குள் போகும். வீசிங் உள்ளவர்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரைக் கையோடு வைத்திருங்கள். எங்களுக்குப் பட்டுத் தெரிந்த விஷயம் ஒன்று: மூச்சுத்திணறல் தூசி நாளன்று வருவதைவிட மறுநாள், அதற்கடுத்த நாள் வருவதுதான் அதிகம். வானம் தெளிந்துவிட்டதே என்று அன்றைக்கே மகளை விளையாட விட்டு ஒருமுறை இரவு முழுக்க நெபுலைசரோடு உட்கார்ந்திருக்கிறேன்.

கோடையில் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிறதே, அப்போது பயமில்லைதானே?

இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓசோன் கோடையில்தான் உச்சத்தில் இருக்கும்.

தரைமட்ட ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டி, ஆலை, கப்பல் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமப் பொருட்களும் வெயிலில் வெந்து உண்டாவது. எங்களிடம் வண்டியும் ஆலையும் குறைவு, வெயில் மட்டும் தாராளம். அப்படியென்றால் ஓசோன் எங்கிருந்து? வடக்கிலிருந்து. கோடை முழுக்க அடிக்கும் வடக்குக் காற்று ஐரோப்பிய நிலப்பரப்பின் அழுக்கையெல்லாம் ஏஜியன் கடல்மேல் வேகவைத்துக்கொண்டே வருகிறது. போதாக்குறைக்குக் கோடையில் இந்தப் பகுதியில் மேலடுக்குக் காற்று கீழே அமிழும், மேலே இயற்கையாகவே இருக்கும் ஓசோனும் அதோடு இறங்கும்.

இதை அளக்கும் ஆய்வு நிலையம் ஒன்று எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடகரையில் ஃபினோகாலியா என்ற இடத்தில், கிரீட் பல்கலைக்கழகம் 1993-லிருந்து நடத்துகிறது. நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள்தான். சுற்றிலும் ஒன்றுமே இல்லாத குன்று, ஆனாலும் கோடையில் அங்கே ஓசோன் 100 மைக்ரோகிராமைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லையே அந்த 100தான். ஐரோப்பிய இலக்கு 120.

இதில் ஒரு வேடிக்கை: நகரத்தில் வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு ராத்திரி ஓசோனைத் தின்றுவிடும். இங்கே தின்ன ஆளில்லை, அதனால் இரவிலும் அவ்வளவாக இறங்காது. ஏதென்ஸ் நடுத்தெருவைவிட கிரீட்டின் குன்றுமேல் ஓசோன் அதிகம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அப்படித்தான்.

முகக்கவசம் இதற்கு உதவாது, ஓசோன் வாயு. நல்லவேளையாக வீட்டுக்குள் வந்தால் சுவரிலும் துணியிலும் பட்டு வேகமாகச் சிதைந்துவிடும். சன்னல் மூடிய அறையில் வெளியே இருப்பதைவிட மிகக் குறைவு. மதியம் 12 முதல் 6 வரை கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். அந்த நேரத்தில் ஊரே தூங்குகிறது, நீங்களும் தூங்குங்கள்.

மெல்தெமி என்கிறார்களே, அது நல்லதா கெட்டதா?

மேலே சொன்ன கோடை வடக்குக் காற்றின் பெயர்தான் மெல்தெமி. பழங்காலக் கிரேக்கர்கள் வருடந்தவறாமல் வருவதால் எதேசியாய் என்றார்கள், வானிலைக்காரர்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். நான் ஆரம்பத்தில் சொன்ன மலை இடுக்கு ஒரு புனல் மாதிரி வேலை செய்வதால் வடகரையில் பாஹியா அம்மோஸில் நுழையும் காற்று எங்களிடம் வந்து சேரும்போது நாற்காலியைத் தூக்கும்.

நல்லது எது என்றால், உள்ளூர்ப் புகையும் ஈரமும் ஒரு மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். கெட்டது எது என்றால் ஓசோன், காய்ந்த வயலின் புழுதி, அப்புறம் தீ.

காட்டுத்தீ பயம் உண்டா?

உண்டு. 2025 ஜூலை 2-ம் தேதி இயராபெத்ராவுக்குக் கிழக்கே பற்றிய தீ, புயல்வேகக் காற்றில் கடற்கரைவரை இறங்கியது. அஹ்லியா, ஃபெர்மா, அயா ஃபொத்தியா பகுதிகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். பலர் அன்றிரவு ஊரின் உள்விளையாட்டு அரங்கில் தங்கினார்கள். வடக்குக் காற்று என்பதால் புகையில் பெரும்பகுதி கடல்மேல் போனது. இல்லையென்றால் நிலைமை வேறு.

தீப்புகையில் இருப்பது பெரும்பாலும் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகள், தூசியைவிட மிக நுண்ணியது. சகாராத் தூசி நாளில் 150 என்று காட்டுவதும் புகை நாளில் 150 என்று காட்டுவதும் ஒன்றல்ல, புகை மோசம். கைபேசிக்கு அவசர எச்சரிக்கை வந்தால் (112 என்ற எண்ணோடு கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் வரும்) யோசிக்காமல் சொன்ன திசையில் கிளம்புங்கள்.

பசுமைக்குடில்களில் மருந்து அடிப்பார்களே, அந்த வாடை ஊருக்குள் வருமா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். "இந்த ஊரே விஷம்" என்பவர்களும் இருக்கிறார்கள், "எல்லாம் இயற்கை" என்பவர்களும் இருக்கிறார்கள்.

முன்பு நிலைமை மோசமாகத்தான் இருந்தது. நடவுக்கு முன் மண்ணில் உள்ள நோய்க்கிருமிகளைக் கொல்ல மெத்தில் புரோமைடு வாயுவை ஏற்றுவார்கள். மத்தியதரைக்கடல் பசுமைக்குடில் பகுதிகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். அது ஆளையும் கொல்லும், மேலே போய் ஓசோன் படலத்தையும் தின்னும். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 2005-ல் நிறுத்தம் வந்தது, ஐரோப்பாவில் 2010-க்குள் முழுசாக ஒழிந்தது. இப்போது ஜூலை, ஆகஸ்டில் காலி மண்ணை நனைத்து அதன்மேல் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கை விரித்து வாரக்கணக்கில் வெயிலில் வேகவிடுகிறார்கள். வாடை ஏதும் இல்லை. வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியாது.

அடுத்து, தக்காளியில் மகரந்தச் சேர்க்கைக்கு இப்போது பம்பிள்பீ என்ற பருத்த தேனீ வண்டுகளைப் பெட்டியில் வாங்கி வைக்கிறார்கள். கண்டபடி மருந்தடித்தால் வண்டு செத்துவிடும், காசு போய்விடும். சட்டத்தைவிட இந்த வண்டுதான் அதிகம் கட்டுப்படுத்துகிறது என்பது என் எண்ணம்.

மருந்தே இல்லை என்று அர்த்தம் இல்லை. சாம்பல் நோய்க்குக் கந்தகம் இன்றும் உண்டு. பசுமைக்குடிலுக்குள் இரவில் கந்தகத்தைச் சூடாக்கி ஆவியாக விடுவார்கள், திராட்சைக் கொடிகளுக்கு வசந்தத்தில் பொடியாகத் தூவுவார்கள். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் நிற்குமே, அந்த வாடைதான். கண் எரியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமல் வரும். மூடிய கூடாரத்துக்குள் அடிக்கும் மருந்தால் ஆபத்து முதலில் அடிப்பவருக்கும், காற்று வெளியேறுவதற்குள் காய் பறிக்க உள்ளே போகும் வேலையாட்களுக்கும்தான். வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அடித்தபின் எத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது என்பது மருந்துப் பாட்டிலின் லேபிளிலேயே எழுதியிருக்கும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். தெரு ஓரமாக நடந்துபோகிறவருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை.

ஆகஸ்டில் வேறு ஒரு வாடை வரும். நடவுக்கு முன் ஆட்டெரு கொட்டுவார்கள். அது நாற்றம்தான், கேடு இல்லை.

மே மாதம் முழுக்கத் தும்மல். ஆப்பிரிக்கத் தூசியா?

பெரும்பாலும் ஆலிவ். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை பூக்கும். பூ அரிசி அளவுகூட இருக்காது, ஆனால் காற்றை நம்பி மகரந்தத்தைக் கொட்டும் மரம். மலை முழுக்க அதுவேதான் என்னும்போது கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆலிவ் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் மறுவருடம் ஓய்வெடுக்கும். அதனால் ஒரு மே மாதம் தப்பித்தோம் என்று அடுத்த மே மாதத்தை நம்ப முடியாது. அதற்கும் முன்னாலேயே, பிப்ரவரி, மார்ச்சிலிருந்து, சுவர் இடுக்குகளில் முளைக்கும் பெர்திகாகி என்ற களை தொடங்கிவிடும். சுவரோரம் கிடக்கும் அந்தச் சாதாரணச் செடி மத்தியதரைக்கடல் ஊர்களின் பெரிய ஒவ்வாமைக் காரணிகளில் ஒன்று.

தூசியா மகரந்தமா என்று தெரிய: கண் அரித்தால் மகரந்தம், தொண்டை கரகரத்தால் தூசி. மருத்துவ விதி இல்லை, எங்கள் வீட்டு விதி.

குளிர்காலம் எப்படி?

என்னைக் கேட்டால் இங்கே உண்மையில் பேச வேண்டிய விஷயம் இதுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. ஆரஞ்சு வானத்தைப் படம் பிடிக்கிறார்கள், டிசம்பர் மாலைப் புகையை யாரும் படம் பிடிப்பதில்லை.

நவம்பரில் ஆலிவ் அறுவடை தொடங்கும், செக்குகள் இரவுபகலாக ஓடும். எண்ணெய் எடுத்தபின் வரும் கறுப்புக் கழிவுநீருக்குக் கச்சீகரோஸ் என்று பெயர். குட்டைகளில் தேக்கி ஆவியாக விடுவார்கள். புளித்த, கசந்த ஒரு வாடை பள்ளத்தாக்கு முழுக்க நிற்கும். முதல் வருடம் மூக்கைப் பிடித்தேன், இப்போது அது வந்தால்தான் குளிர்காலம் வந்ததாகத் தோன்றுகிறது. புண்ணாக்கு வீணாகாது. அதிலும் மிச்ச எண்ணெயை எடுத்துவிட்டு, காய்ந்த சக்கையை எரிபொருளாக விற்பார்கள். பல வீடுகளில் கணப்புக்கு அதுதான், அல்லது ஆலிவ் விறகு.

அறுவடை முடிந்ததும் கவாத்து. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெட்டிய கிளையை எல்லாம் தோப்பிலேயே குவித்துக் கொளுத்துவார்கள். பச்சைக் கிளை, ஈரம், புகை கேட்கவா வேண்டும். காற்றில்லாத குளிர்ந்த இரவில் தரையோரம் காற்று கனத்துப் படுத்துவிடும், மேலே சூடான காற்று மூடிபோட்டாற்போல் நிற்கும். தோப்புப் புகையும் அடுப்புப் புகையும் அதற்குள் மாட்டிக்கொண்டு மலையிலிருந்து மெதுவாக ஊருக்குள் வழியும். மாலை 7 மணிக்கு மேல் பழைய ஊரின் சந்துகளில் நடந்தால் சட்டையில் புகை ஏறிவிடும்.

இது கிரீட்டுக்கு மட்டும் உள்ளதல்ல. 2012-ல் பொருளாதார நெருக்கடியில், வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய்க்கு வரியை ஏற்றியதும் கிரேக்க நகரங்களே விறகுக்குத் திரும்பின. 2013 குளிர்காலத்தில் தெசலோனிகியில் அளந்தபோது முந்தைய குளிர்காலத்தைவிட நுண்துகள் 30 சதவீதம் கூடியிருந்தது. ஏழ்மை காற்றில் தெரிந்தது.

இப்படி எரிக்க அனுமதி உண்டா?

மே 1 முதல் அக்டோபர் 31 வரை தீத்தடுப்புக் காலம், அப்போது திறந்தவெளியில் எரிக்கக் கூடாது. மற்ற மாதங்களில் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, காற்று பலமில்லாத நாளில் எரிக்கலாம். கவனியுங்கள், விதி தீயை நினைத்துப் போட்டது, நுரையீரலை நினைத்து அல்ல. காற்றில்லாத நாள் தீக்குப் பாதுகாப்பு, ஆனால் புகை நகராமல் நிற்பதற்கும் அதுதான் சரியான நாள்.

கிளையை எந்திரத்தில் போட்டுத் துகளாக்கி மரத்தடியில் மூடாக்காகப் போடலாம். மண்ணுக்கு நல்லது, ஈரமும் நிற்கும். எங்கள் வீட்டின் சொந்தக்காரர் அப்படித்தான் செய்கிறார். ஆனால் சரிவான சின்னத் தோப்புக்கு எந்திரம் ஏறாது, வாடகையும் கட்டாது என்று மற்றவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் தாளையும் மருந்து டப்பாவையும் எரிப்பதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை, அது சட்டவிரோதம். எப்போதாவது இரவில் அந்த வாடை வந்தால் சன்னலைச் சாத்திவிட்டுத் திட்டுவதோடு சரி.

கப்பல்களால் பாதிப்பு உண்டா?

கொஞ்சம். சூயஸிலிருந்து ஜிப்ரால்டர் போகும் பாதை கிரீட்டுக்குத் தெற்கே போகிறது. 2025 மே 1 முதல் மத்தியதரைக்கடல் முழுவதிலும் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நல்ல செய்தி.

கைபேசிச் செயலியில் வரும் எண்ணை நம்பலாமா?

எந்தச் செயலி, எந்த எண் என்று பாருங்கள். ஏக்யூஐ என்ற காற்றுத் தரக் குறியீடு நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் பிஎம் 10-க்கு ஒரு நாள் எல்லை 100 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 50. சென்னையில் "திருப்திகரம்" என்று பச்சையாகக் காட்டும் காற்றை இங்கே ஒரு செயலி சிவப்பாகக்கூடக் காட்டலாம். அதைப் பார்த்துவிட்டு "அங்கே சென்னையைவிட மோசமாமே" என்று அத்தை போன் செய்தார். நிறத்தை விடுங்கள், மைக்ரோகிராமைப் பாருங்கள்.

அப்புறம், பல செயலிகள் காட்டுவது அளவீடே அல்ல, கணினி மதிப்பீடு. கோப்பர்னிக்கஸ் ஐரோப்பாவைச் சுமார் 10 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. அந்த ஒரே கட்டத்துக்குள் எங்கள் கடற்கரையும் மலையும் பக்கத்துத் தோப்பின் நெருப்பும் வந்துவிடும். வீட்டுக்கு வாங்கும், துகளை அளக்கும் மலிவான லேசர் கருவிகள் புகையை ஓரளவு சரியாகச் சொல்லும், பருத்த பாலைவனத் தூசியைத் தவறவிடும். வெளியே ஆரஞ்சு வானம், கருவியில் 40 என்று பச்சை விளக்கு, இதை நானே பார்த்திருக்கிறேன். ஈரப்பதம் கூடினால் தலைகீழாக, இல்லாததையும் இருப்பதாகச் சொல்லும். கடலலை பலமான நாளில் உப்புத் துளியையும் துகளாக எண்ணிவிடும்.

இவ்வளவு தூசி வந்தால் ஐரோப்பிய விதியை மீறியதாகாதா?

ஆகாது. 2008-ம் ஆண்டு உத்தரவின்படி, இயற்கையாக வந்தது என்று நிரூபித்தால் அந்தப் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குக் காட்டலாம். சகாராவுக்கு அபராதம் போட முடியாதுதான், நியாயம். ஆனால் கழித்துவிட்ட தூசியை நாங்கள் மூச்சில் கழிக்க முடியவில்லை. 2024-ல் வந்த புதிய உத்தரவு 2030-லிருந்து எல்லைகளை இறுக்குகிறது: பிஎம் 10 ஒரு நாளுக்கு 45, வருடத்தில் 18 நாளுக்கு மேல் தாண்டக் கூடாது. பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி 25-லிருந்து 10-க்கு வருகிறது. இயற்கைத் தூசியைக் கழிக்கும் சலுகை தொடரும். அப்போது கணக்கில் மிஞ்சி நிற்கப்போவது கணப்பும் கவாத்து நெருப்பும்தான்.

ஆஸ்துமா உள்ளவர் எந்த மாதம் வரலாம்? எங்கே தங்கலாம்?

மார்ச் நடுவிலிருந்து மே கடைசிவரை தவிர்த்துவிடுங்கள், தூசியும் மகரந்தமும் சேர்ந்துவரும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் எனக்குப் பிடித்தவை: கடல் இன்னும் வெதுவெதுப்பு, ஓசோன் இறங்கியிருக்கும், கணப்பு இன்னும் பற்றியிருக்காது. அக்டோபர் இறுதியில் ரகி என்ற திராட்சைச் சாராயம் காய்ச்சத் தொடங்குவார்கள், அந்தப் புகையை நான் மன்னித்துவிடுகிறேன்.

நீண்ட நாள் தங்குவதென்றால் பசுமைக்குடில்களுக்கு நடுவே வீடு வேண்டாம், பழைய ஊரின் குறுகலான சந்தும் வேண்டாம். கடலைப் பார்த்த இரண்டாவது, மூன்றாவது மாடி நல்லது. வாடகைக்குப் பார்க்கும்போது சன்னல் இறுக்கமாக மூடுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். கடல் தெரிகிறதா என்பதைவிட அது முக்கியம்.

துணியை எப்போது காயப்போடுவது?

சிரிக்காதீர்கள், அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதல் வருடம் மார்ச்சில் வெள்ளைப் படுக்கை விரிப்பு நான்கையும் மாடியில் காயப்போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன், திரும்பி வந்தபோது காவி கட்டியிருந்தன. எந்தச் செயலியும் அன்று எனக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் காலை எட்டு மணிக்கே தன் கொடியை உருவிக்கொண்டிருந்தார், நான்தான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் அவர் ஹ்ரிஸி தீவைப் பார்க்கிறார், நான் அவருடைய கொடியைப் பார்க்கிறேன்.